நீச்சல் உடுப்பு கட்டாயம்

அருள்நாதன் தங்கையிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் கல்லூரியில் விலங்கியல் படிப்பதா வேதியியல் படிப்பதா என்று முடிவு செய்தது அவன். அம்மாவின் கண்ணுக்கு எந்த ஊரில் ஆபரேஷன், வீட்டுக்கு ஓடு போடுவதா மச்சு போடுவதா, கறவை மாட்டை வைத்துக்கொள்வதா தள்ளிவிடுவதா, எல்லாம் அவன்தான். அப்பா போனபிறகு, அதிலும் ஓசூர் கம்பெனியில் அவனுக்கு வேலை நிரந்தரம் ஆனபிறகு, அந்த வீட்டில் வேறு யாருக்கும் யோசனை என்ற ஒன்று உண்டு என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பொம்மிடியில் பஸ் மாறி ஊர் வந்து சேர்ந்து, கைகால் கழுவிய ஈரத்தோடு வழவழப்பான இரண்டு தாள்களைக் கட்டிலின் மேல் விரித்தான்.

"ஞானம், இப்பிடி வா. நீதான் படிச்சவ. இந்த ரெண்டுல எதுங்கற?"

ஞானமேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

மே மாதம் மெட்ராஸ் போவது என்று முன்பே பேச்சு. கம்பெனி ஆட்கள் குடும்பத்தோடு தங்கக் கடலோரமாக ஒரு விடுதி இருந்தது. அந்த வீட்டார் கடல் பார்த்ததெல்லாம் வேளாங்கண்ணியில். மொட்டைத் தலையோடு மூன்று முழுக்கு, அப்புறம் கூட்டத்தில் செருப்பைத் தேடும் வேலை. சும்மா விளையாடுவதற்கென்று ஒரு கடலுக்குப் போவது அந்தக் குடும்பத்தில் அதுவரை நடந்ததில்லை. அதோடு ஒரு பகல், கடற்கரைச் சாலையில் புதிதாக வந்திருந்த வாட்டர் பார்க் ஒன்றுக்கும் போவதாக அருள்நாதன் சேர்த்திருந்தான். இரண்டு இருந்தன. ஒன்றின் பெயர் அலைமகள். இன்னொன்று பவளத்தீவு.

படத்தில் தண்ணீர் அப்படி நீலமாக இருந்தது. அது தண்ணீரின் நிறமல்ல, அடியில் பதித்த ஓட்டின் நிறம் என்று ஞானமேரிக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கோடையில் ஊர்ப் பம்பில் வீட்டுக்கு நாலு குடம்தான் விட்டார்கள்.

அண்ணன் மகள் செலின் அவள் தோளில் தொற்றிக்கொண்டாள். "அத்தை, இந்தச் சறுக்குல வந்தா மூக்குல தண்ணி போவுமா?"

"வாயை மூடி மூச்சைப் புடிச்சுக்கிட்டா போவாது."

"சிரிப்பு வந்துடுமே."

"அப்ப போவும்."

அலைமகளில் சறுக்குகள் உயரமாக இருந்தன. சேலையோடும் இறங்கலாம், பாவாடையோடும் இறங்கலாம். பவளத்தீவில் சறுக்கு ஒன்றே ஒன்று. பெண்களுக்குத் தனிக் குளம் இருந்தது. நீச்சல் உடுப்பு கட்டாயம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உடுப்பு அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். அதற்கும் ஒரு படம் இருந்தது. கையில்லாத கவுன், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. முதுகுப் பக்கம் பாதி துணியே இல்லை.

"அலைமகள்," என்றாள் ஞானமேரி. அவள் குரல் எப்போதும் போல அவளுக்கே பாதிதான் கேட்டது.

"அங்க கண்ட துணியோட எறங்கறாங்க. ஒரே அழுக்கு. லேப்புல வேலை செய்யறவ, உனக்குத் தெரியாததா?" என்றான் அருள்நாதன். "பவளத்தீவுல தண்ணிய தெனம் மாத்தறாங்களாம்."

அதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கவுன்? ஞானமேரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பம்படியில் குடம் தூக்கும்போது சேலை கெண்டைக்காலுக்கு மேலே ஏறினால் தெரு முனையிலிருந்தே சத்தம் போடுகிறவள் மதலேனம்மாள். அவள் படத்தைக் கையில் வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, "அதுக்கென்ன, பொம்பளைங்க மட்டுந்தான எறங்கறாங்க," என்றாள்.

அண்ணி லூர்துமேரி மட்டும், "எனக்குத் தண்ணி ஒத்துக்காதுங்க. நான் கரையில உக்காந்து துணி பாத்துக்கறன்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"அப்ப பவளத்தீவே இருக்கட்டுங்கண்ணா," என்றாள் ஞானமேரி.

அன்றைக்கு அவளுக்கு மனசு லேசாக இருந்தது. தன்னிடம் கேட்டார்கள், தன்னை ஒரு கவுன் போட்டுக்கொண்டு குளத்தில் குதிக்கவும் விடுகிறார்கள், வீடு மெதுவாக மாறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததற்காகப் பிற்பாடு அவளுக்குத் தன் மேலேயே வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

ஞானமேரிக்கு வேலை, கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், பிரசவம், தேள்கடி. வியாழக்கிழமை பெருநோய்க்காரர்களுக்கு, அதாவது தொழுநோய்க்கு. காது மடலில் சின்னதாகக் கீறி, சுரண்டி எடுத்ததைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நீலத்தில் சிவப்பு சிவப்பாகக் குச்சிகள் தெரிந்தால் கிருமி உண்டு. தெரியாவிட்டால் இல்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராத பெண்ணுக்குத் தோதான வேலை அது. கண்ணாடித் துண்டு எதிர்த்துப் பேசாது.

அந்த நோய்க்கு இப்போது நல்ல மாத்திரை வந்துவிட்டது. முழுசாகச் சாப்பிட்டவர்களுக்குப் போய்விடுகிறது. பக்கத்து ஊரிலிருந்து வரும் பெரியம்மாள் என்பவளுக்கும் போய்விட்டது. மாத்திரையால் மேனி கறுத்ததும், உணர்ச்சி இல்லாத பாதத்தில் அடிக்கடி வந்துவிடும் புண்ணும்தான் மிச்சம். அந்தப் புண்ணுக்குக் கட்டுப் போட வியாழக்கிழமைதோறும் முதல் ஆளாக வந்து நிற்பாள்.

"கடலுக்காமே பாப்பா? செலினு சொல்லுச்சு," என்றாள் அந்த வாரம். "அது யாருக்குச் சொந்தம்?"

"யாருக்கும் இல்லீங்கக்கா."

"அப்ப நான் எறங்குனா யாரும் கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்க."

"எங்கூர்ப் பம்புல கேக்கறாங்களே. கொடத்தை வச்சுட்டு எட்டி நில்லுங்கறான். நான் எட்டி நின்னா நாலு கொடம் நடுவுல பூந்துடுது. நோவு போயிடுச்சுன்னு சிஸ்டரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. அந்தப் பம்புக்காரன் படிக்காதவனா இருப்பான் போல."

ஞானமேரி சிரித்துவிட்டாள். அந்தப் பம்புக்காரன் பத்தாவது பாஸ்.

இந்த வியாழக்கிழமைதான் அவள் கல்யாணத்துக்கும் குறுக்கே நின்றது. வரன் என்று வந்தவர்கள் பொண்ணு எங்கே வேலை செய்கிறது என்று கேட்பார்கள். பதிலைக் கேட்டதும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போவார்கள். வேலையை விடு என்று அருள்நாதன் பலமுறை சொல்லிப் பார்த்தான். அவள் எதிர்த்து ஒன்றும் சொன்னதில்லை. அடுத்த வியாழக்கிழமை வழக்கம்போல் டிபன் பாக்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அவள் கோவிலிலேயே தங்கிப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பாள். அந்த ஞாயிறு பிள்ளைகள் மாங்காய்த் தோப்புப் பக்கம் போய்விட்டார்கள். அவள் சீக்கிரமே திரும்பி, பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் வந்தாள். அம்மா காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு முன்பக்கம் போயிருந்தாள். முன்கட்டில் உபதேசியார் வியாகுலத்தின் குரல் கேட்டது. கோவிலில் ஜெபம் சொல்லி வைப்பது அவர் வேலை. சுற்றுப்பட்ட கோவில் பங்குகளில் எந்த வீட்டில் பெண், எந்த வீட்டில் பிள்ளை என்று கணக்கு வைத்திருப்பது அவருக்கு அதைவிடப் பெரிய வேலை.

"எந்த பார்க்குன்னு சேலத்துக்காரங்க கேட்டு அனுப்பினாங்க தம்பி. உடுப்பு மாத்திக்கிட்டு எறங்கற எடந்தானே?"

"அதேதாங்க. பவளத்தீவு. பொம்பளைங்களுக்குத் தனிக் குளம்," என்றான் அருள்நாதன். "ஞானமும் சரின்னுடுச்சு."

"அப்ப சரி. மாப்பிள்ளையோட அம்மாவும் அக்காவும் வருவாங்க. யாருன்னு காட்டிக்க மாட்டாங்க. கூட எறங்கிக் குளிக்கறாப்பல முதுகு, தோளு, காலு எல்லாம் ஒரு பார்வை. திருப்தின்னா அன்னிக்கிச் சாயங்காலமே கடற்கரையில வச்சுப் பேசி முடிச்சுடலாம்."

"எம்பொண்ணு மேல ஒரு புள்ளி கெடையாதுங்க," என்றாள் மதலேனம்மாள்.

"எனக்குத் தெரியாதாம்மா? அவங்களுக்குத் தெரியணுமே. பெருநோய் ஆஸ்பத்திரின்னா கேக்கறவங்களுக்கு ஆயிரம் சந்தேகம் வரத்தான் செய்யும்."

ஞானமேரி காப்பியைக் கலந்தாள். எல்லா டம்ளரிலும் ஒரே அளவு ஊற்றினாள். தட்டைத் தூக்கிக்கொண்டு முன்கட்டுக்கு வந்து ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு டம்ளரை வைத்தாள். அண்ணி நிலைப்படி ஓரமாக உட்கார்ந்து முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாம பாக்கணும்னு சொன்னது யாருங்க? அவங்களா, நீங்களா?"

உபதேசியார் காப்பியை ஊதினார். அது அவ்வளவு சூடாக இல்லை.

"நாந்தான்," என்றான் அருள்நாதன். "சொன்னா நீ வருவியா?"

"அப்ப யோசனை கேட்டது?"

"எப்பிடியோ ஒண்ணு. உன் நல்லதுக்குத்தான?"

"சந்தையில மாடு புடிக்கறவன்கூட மாட்டுக்குத் தெரியத்தான் பல்லைப் பாக்கறான்."

"வாயைப் பாருங்க உபதேசியாரே. இத்தினி நாளு எங்க வச்சிருந்தாளோ," என்றாள் அம்மா. பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "ஏண்டி, உன் ஒடம்பு சுத்தமாத்தான இருக்குது. காட்டினா தேஞ்சா போயிடும்? ஒரு நாளு காட்டிட்டா ஆயுசுக்கும் பேச்சு அடங்கிடுமில்ல."

அண்ணன் சொன்னதைவிட இதுதான் ஞானமேரியைச் சுட்டது. சுத்தம் என்று அம்மா எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள். ஒரு தடவை கவுன் மாட்டிக்கொண்டு குளத்தில் இறங்கி நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பது உண்மைதான். சேலத்துக்காரிகள் பார்ப்பார்கள், ஒன்றும் இல்லை என்று சொல்வார்கள், தட்டு மாற்றிக்கொள்வார்கள். அப்புறம் வியாழக்கிழமை அவள் எந்த முகத்தோடு பெரியம்மாள் முன்னால் போய் உட்காருவாள்? நான் உன்னைப் போல இல்லை, ஆள் விட்டுப் பார்த்துவிட்டார்கள் என்றா?

"இருந்திருந்தா என்னம்மா பண்ணியிருப்பீங்க?"

"இல்லாததை ஏன் பேசற?"

"இருந்திருந்தா."

மதலேனம்மாள் காப்பி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள். முறத்தின் மேல் லூர்துமேரியின் விரல்கள் அசையாமல் நின்றன.

ஞானமேரி உபதேசியார் பக்கம் திரும்பினாள். "சேலத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. தோலு பாக்கறது எனக்கு வேலை. என் தோலைப் பாக்கணும்னா வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரட்டும். தடுப்புக்குப் பின்னால சிஸ்டர் என்னைப் பாத்துச் சொல்வாங்க. ஆனா மாப்பிள்ளையும் வரணும். அவரையும் பாக்கணும். அந்தக் கிருமி சேலத்துக்குப் போகாதுன்னு ஒண்ணும் இல்லீங்க."

"மாப்பிள்ளையை அந்த வரிசையில நிக்கச் சொல்றியாம்மா?"

"தெனம் நான் இருக்கற எடந்தாங்க."

அவ்வளவு நீளமாக அவள் அந்த வீட்டில் பேசியதே இல்லை. உள்ளே போய்ச் சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள்.

உபதேசியாருக்கு ஒரு வார்த்தையை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. சேலத்தில் போய் அப்படியே சொன்னார். அடுத்த ஞாயிறு பதிலோடு வந்தார்.

"எங்க பையன் மேலயே சந்தேகப்படறாங்களான்னு அந்தம்மா கேட்டுட்டாங்க தம்பி. முகத்துல அடிச்சாப்பல இருந்துச்சு. அதோட சரி. இனிமே பேச்சில்ல."

அருள்நாதனுக்கு அன்றைக்குத்தான் லீவு தொடங்கியிருந்தது. பெட்டி கட்டுவதற்கு வாங்கி வந்திருந்த கயிற்றைச் சுருட்டித் தலைக்கு மேலே இருந்த அட்டத்துப் பரணில் எறிந்தான். "டிக்கெட்டை நாளைக்குப் போயி கேன்சல் பண்ணிட்டு வந்துடறன். மெட்ராசும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

செலின் தரையில் விழுந்து அழத் தொடங்கினாள்.

"கடலுக்குப் போலாம்னு புள்ளைகிட்ட சொன்னீங்களே," என்றாள் ஞானமேரி. "அதுக்கும் சேலத்துக்கும் என்னங்கண்ணா?"

"யாரால போச்சுன்னு நீயே அவகிட்டச் சொல்லு."

ஞானமேரிக்குக் காது இரண்டும் சூடேறிவிட்டது. ஆக, கடல் கிடையாது. விடுதி கிடையாது. சறுக்கு கிடையாது. அந்த வீட்டில் யாரும் யாரையும் எங்கேயும் சந்தோஷத்துக்குக் கூட்டிப் போக நினைக்கவே இல்லை. ஒரு பெண்ணை உரித்துக் காட்டுவதற்கு மறைப்பாக ஒரு சமுத்திரத்தையே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அது நடக்காது என்றானதும் சமுத்திரத்தையும் சுருட்டி அட்டத்தில் போட்டாயிற்று.

அப்போது அவள் கண்ணில் அண்ணி பட்டாள். லூர்துமேரி அழும் மகளைத் தூக்கிச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். முகத்தில் வருத்தமே இல்லை. பெரிய சுமை ஒன்றை இறக்கி வைத்தவள் போல இருந்தாள்.

அதையும் ஞானமேரியால் தாங்க முடியவில்லை. மத்தியானம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கொட்டகைக்குப் போன அண்ணியின் பின்னாலேயே போனாள்.

"உங்களுக்குச் சந்தோஷமா அண்ணி? என்னை எல்லாரும் சேர்ந்து ஏமாத்தினது உங்களுக்கும் தெரியும்தானே?"

"தெரியும்," என்றாள் லூர்துமேரி.

"ஒரு வார்த்தை சொல்லலயே நீங்க."

லூர்துமேரி வாளியைக் கீழே வைத்தாள். கொட்டகை வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். ரவிக்கையின் கொக்கிகளைக் கழற்றித் தோளிலிருந்து இறக்கினாள். இடது தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு, மற்ற இடத்தைவிட வெளுப்பாக.

"செலின் பொறந்தப்பறம் வந்துச்சு. தேமலுன்னு நெனச்சன். குப்பைமேனி அரைச்சுப் போட்டன், போவல. அந்தக் கவுனுக்கு முதுகு கெடையாது ஞானம். எனக்கும் ஒண்ணு வாடகைக்கு எடுக்கறன்னு உங்கண்ணன் நேத்துகூடச் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

ஞானமேரி வீட்டுக்குள் போய்த் தன் பையிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்து வந்தாள். நுனியைத் திரித்துக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்கங்க. தொட்டா ம்னு சொல்லுங்க."

கழுத்தில் தொட்டாள். "ம்." வலது தோளில். "ம்." திட்டின் நடுவில் தொட்டாள். சத்தமில்லை. ஓரத்தில் தொட்டாள். மறுபடி நடுவில், கொஞ்சம் அழுத்தி.

"ஆரம்பிக்கலயா?" என்றாள் லூர்துமேரி.

ஞானமேரி கையிலிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் கூட இருந்தவளுக்கு இத்தனை நாள் செய்யவில்லை. அண்ணி காட்டவில்லை. எப்படிக் காட்டுவாள், இந்த வீட்டில்?

"ஒரே திட்டுதான் அண்ணி. ஆறு மாசம் மாத்திரை. போயிடும். நெஜமாவே போயிடும்."

"உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா எங்கம்மா வூட்டுல கொண்டுபோயி விட்டுடுவாரு."

அப்படியெல்லாம் செய்ய மாட்டார் என்று சொல்ல ஞானமேரி வாயெடுத்தாள். சொந்த அண்ணனைப் பற்றி அந்த ஒரு வார்த்தையைத் துணிந்து சொல்ல முடியாமல் போனது அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"வியாழக்கிழமை தலைவலின்னு சொல்லிட்டு என்கூட வந்துடுங்க," என்றாள்.

லூர்துமேரி கொக்கிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். "இருந்திருந்தா என்ன பண்ணுவீங்கன்னு அத்தைகிட்ட நீ கேட்டியே, அன்னிக்கி எனக்காகவே கேக்கறாப்பல இருந்துச்சு. நீ நேரா கேட்டுட்ட. நான் தலைவலின்னு சொல்லிட்டு வரதா? வேணாம். வரன். சொல்லிட்டே வரன்."

சொன்னபடியே செய்தாள். வியாழக்கிழமை காலையில் இட்லி ஊற்றி மூடி வைத்துவிட்டு, தூங்கி எழுந்த செலினிடம், "அப்பா எழுந்ததும், அம்மா சிஸ்டருங்க ஆஸ்பத்திரி வரிசையில நிக்கறாங்கன்னு சொல்லு," என்று சொல்லிவிட்டு ஞானமேரியோடு நடந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு புங்க மரம். வரிசை அதன் நிழலிலிருந்து தொடங்கிச் சாலை வரைக்கும் போகும். லூர்துமேரி பெரியம்மாளுக்கு அடுத்தபடி நின்றாள். மடங்கிப்போன விரல்கள், தடித்த காதுகள், ஒன்றுமே தெரியாத முகங்கள் எல்லாம் அந்த வரிசையில் இருந்தன. யாரும் அவளை உற்றுப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சைக்கிள் வந்தது. முன்கம்பியில் செலின். அருள்நாதன் தலைகூடச் சீவவில்லை. சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டான்.

"வூட்டுக்கு வா," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பாத்துட்டு வரங்க."

"எதைப் பாத்துட்டு?"

"முதுகுல ஒரு திட்டு இருக்குதுங்க. தொட்டா தெரியல," என்றாள் லூர்துமேரி. வரிசையில் எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். யாரும் திரும்பவில்லை. அங்கே எல்லாரும் ஒரு காலத்தில் சொன்ன வாக்கியம் அது.

அருள்நாதனின் முகம் வெளிறிப்போயிற்று. வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தான். "நீதான் கூட்டிட்டு வந்தியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலயா உனக்கு?"

அவனுக்குத் தெரியாமல் நடந்துவிட்டதாம். ஞானமேரி படியிறங்கி வந்தாள். அவளுக்குக் கோபம்தான். ஆனால் அது ஆஸ்பத்திரி. வேலை நேரம். எல்லாரிடமும் பேசுகிற குரலில் பேசினாள்.

"ஒரு வூட்டுல ஒருத்தருக்கு இருந்தா, அந்த வூட்டுல இருக்கற எல்லாரையும் பாக்கணுங்கண்ணா. இங்க அதுதான் வழக்கம். அம்மாவை அடுத்த வாரம் கூட்டிட்டு வந்துடலாம். செலினை சிஸ்டர் பாப்பாங்க. ஆம்பளைங்களை இங்க வேலை செய்யற மாதேஸ்வரன் சார் பாப்பாரு. உள்ள தடுப்பு கட்டியிருக்குது."

"எல்லாரையும்னா?"

"உங்களையுந்தான்."

"எனக்கு என்ன வந்துச்சு?"

"வராமலும் இருக்கலாம். அதைப் பாத்துத்தான் சொல்லணும். சட்டை, பனியன் ரெண்டும் கழட்டச் சொல்வாங்க. வேட்டியைத் தொடை வரைக்கும் தூக்கணும். முன்னாலயே சொல்லிடறன்."

அவன் சாலையைப் பார்த்தான். பொம்மிடிப் பக்கமிருந்து ஒரு மாட்டுவண்டி வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரன் தெரிந்தவனா என்று கூர்ந்து பார்த்தான். லூர்துமேரி அவனைப் பார்க்கவே இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முன்னால் நின்ற பெரியம்மாளின் முதுகைப் பார்த்தபடி நேராக நின்றாள்.

"அப்பா, ஊசியா போடுவாங்க?" என்றாள் செலின்.

"ஊசி இல்ல கண்ணு. பஞ்சுதான். கூச்சமா இருக்கும், அவ்வளவுதான்," என்றாள் ஞானமேரி.

வரிசை நகர்ந்தது. பெரியம்மாள் கட்டுப் போட உள்ளே போனாள். சீட்டைப் பார்த்து அடுத்த பெயரைக் கூப்பிட வேண்டியது ஞானமேரி. மற்றவர்களைக் கூப்பிடும் அதே சத்தத்தில், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை, "லூர்துமேரி," என்று கூப்பிட்டாள். அண்ணி தடுப்புக்குப் பின்னால் போனாள்.

அருள்நாதன் இன்னும் சைக்கிள் மேலேயே இருந்தான். இறங்காமலே போய்விடுவான் என்றுதான் ஞானமேரி நினைத்தாள். போனாலும் விடுவதாக இல்லை. அடுத்த வாரமும் கூப்பிடுவாள், அதற்கடுத்த வாரமும் கூப்பிடுவாள். வீட்டுக்கே மாதேஸ்வரன் சாரைக் கூட்டிக்கொண்டு வருவாள். அவனைப் பார்க்க அவளுக்கு இரக்கம் வரவில்லை. அது வரும்போது வரட்டும் என்று உள்ளே திரும்பினாள்.

பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. அவள் நின்று பார்த்தாள். செலினை இறக்கிவிட்டு, மாட்டுவண்டி கடந்து போகும்வரை மரத்தின் மறைவில் நின்றுவிட்டு, மேல் பொத்தானைப் பிடித்துக்கொண்டே அருள்நாதன் தன் மனைவி நின்ற இடத்தில் வந்து நின்றான்.